வாக்களிப்போர் குறைந்தால் வெல்வது யார்?

தேர்தல் நாளன்று மாலையில் நாடெங்கும் எழும் முதற் கேள்வி, எத்தனை விழுக்காடு வாக்குப் பதிவாயிற்று என்பதே. விடை கிடைத்ததும் சோதிடம் தொடங்கிவிடும். பதிவு கூடியிருந்தால், மக்கள் சினங்கொண்டு திரண்டு வந்திருக்கிறார்கள், ஆளும் கட்சி கவிழும் என்பர் ஒரு சாரார். பதிவு குறைந்திருந்தால், ஆளும் கட்சியின் ஆதரவாளர் சோர்ந்து வீட்டிலேயே இருந்துவிட்டனர், ஆகவே ஆளும் கட்சி கவிழும் என்பர் அதே சாரார். கூடினாலும் குறைந்தாலும் ஒரே பலன் உரைக்கும் சோதிடத்தை நம்புவது எளிதன்று. ஆதலின், வாக்களிப்போர் தொகை குறைவதனால் கட்சிகளின் வெற்றி தோல்வி எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணக்கைக் கொண்டும் நடந்த தேர்தல்களைக் கொண்டும் இன்று சிறிது ஆராய்வோம். எந்தக் கட்சிக்கும் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இப்பொருளில் தனியானதொரு பங்கும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டுத் தேர்தல் முறையில், ஒரு தொகுதியில் ஏனையோரைவிட ஒரு வாக்கேனும் மிகுதியாகப் பெற்றவரே வென்றவர். இத்தனை பேராவது வந்து வாக்களித்தால்தான் தேர்தல் செல்லும் என்ற கீழ்வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. வந்த வாக்குகள் எண்ணப்படும். வராதவற்றை யாரும் கேட்பதில்லை.

நூறு வாக்காளர் உள்ள ஒரு சிற்றூரை எண்ணிக்கொள்வோம். அறுபது பேர் ஒரு கட்சியையும் நாற்பது பேர் மற்றொரு கட்சியையும் சேர்ந்தவர்கள். இரு தரப்பிலும் சரிபாதிப் பேர் வாராதொழிந்தால் முப்பதுக்கு இருபது என்று முடிவு வரும். பதிவு பாதியாகக் குறைந்தும் வெற்றி இடம் மாறவில்லை. இனி, பெரிய கட்சியின் அறுபது பேரில் முப்பது பேரே வந்து, சிறிய கட்சியின் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் வந்தார்கள் எனில், சிறிய கட்சி வென்றுவிடும். இங்கே ஒருவரும் மனம் மாறவில்லை. ஒருவரும் கட்சி தாவவில்லை. ஆயினும் ஆட்சி மாறிவிடுகிறது. எத்தனை பேர் வரவில்லை என்ற எண்ணைவிட, எத்தரப்பினர் வரவில்லை என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

நாடாளுமன்றத் தேர்தல்களின் வரலாறு இதற்குச் சான்று. 1967-ல் ஏறத்தாழ 61 விழுக்காடாக இருந்த பதிவு 1971-ல் 55-ஆக வீழ்ந்தது. ஆட்சியில் இருந்த இந்திரா காந்தி அம்மையாரின் காங்கிரஸ் 352 இடங்களைப் பெற்றது. 1977-ல் 60-ஆக உயர்ந்த பதிவு 1980-ல் மீண்டும் 57-ஆகக் குறைந்தது. அப்போது எதிர்க்கட்சியாய் இருந்த அதே அம்மையாரின் கட்சி 353 இடங்களுடன் ஆட்சிக்குத் திரும்பிற்று. பதிவு குறைந்த இரு தேர்தல்களில் ஒன்று ஆளும் கட்சிக்கும் மற்றொன்று எதிர்க்கட்சிக்கும் அனுகூலமாயின. பதிவு உயர்ந்த தேர்தல்களும் இவ்வாறே. 1977-ல் உயர்ந்தது, ஆளும் கட்சி வீழ்ந்தது. 1984-ல் ஏறத்தாழ 64-ஆக உயர்ந்தது, ஆளும் கட்சி நானூறுக்கு மேற்பட்ட இடங்களை வென்றது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2019-ல் 67.4 விழுக்காடாக இருந்த பதிவு 2024-ல் 65.8-ஆகக் குறைந்தது. சித்திரை வைகாசி வெயிலில் பல கட்டங்களாக நடந்த அத்தேர்தலில், முதற்கட்டப் பதிவு குறைந்தது கண்டதுமே பலர் ஆளும் பாரதீய ஜனதாக் கட்சிக்கு வரப்போகும் நட்டத்தைக் கணக்கிடத் தொடங்கினார்கள். அக்கட்சியின் இடங்கள் 303-லிருந்து 240-ஆகக் குறைந்தன என்பது உண்மையே. ஆனால் மாநிலவாரியாகப் பார்த்தால் சித்திரம் மாறுகிறது. உத்தரப் பிரதேசத்தில் பதிவு 59-லிருந்து 57-ஆக இறங்கியது. அங்கே அக்கட்சியின் இடங்கள் 62-லிருந்து 33-ஆயின. இராஜஸ்தானில் பதிவு 66-லிருந்து ஏறத்தாழ 61½-ஆக இறங்கியது; இடங்கள் 24-லிருந்து 14-ஆயின. மத்தியப் பிரதேசத்திலும் பதிவு 71-லிருந்து 67-ஆக இறங்கியது. அங்கேயோ, முன்னர் 28 இடம் பெற்ற கட்சி 29-ஐயும் பெற்று மாநிலம் முழுவதையும் வாரிக்கொண்டது. குஜராத்தில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் இறக்கம். கட்சி இழந்தது ஓர் இடமே. கேரளத்தில் 78-லிருந்து 71-ஆக மிகப் பெரும் இறக்கம். அங்கே காங்கிரஸ் கூட்டணியின் 19 இடங்கள் 18-ஆயின, அவ்வளவே. ஒரே கோடையில் ஒரே விதமாகக் குறைந்த பதிவு, ஐந்து மாநிலங்களில் வெவ்வேறு விளைவுகளைத் தந்திருக்கிறது.

பதிவுக் குறைவையே எல்லாவற்றுக்கும் காரணமாகக் கொள்ளவும் ஒண்ணாது. தில்லிச் சட்டமன்றத் தேர்தலில் 2020-க்கும் 2025-க்கும் இடையே பதிவு சுமார் இரண்டு விழுக்காடே குறைந்தது. ஆம் ஆத்மி கட்சியின் வாக்குப் பங்கோ 53½-லிருந்து 43½-ஆகப் பத்து விழுக்காடு சரிந்தது. இடங்கள் 62-லிருந்து 22-ஆயின. வராதவரால் மட்டும் இவ்வளவு பெரிய சரிவு நேர்ந்திராது; வந்தவர்களே மனம் மாறி வாக்களித்திருக்கிறார்கள்.

ஆயினும், வராதவரே முடிவை முற்றிலும் தீர்மானித்த தேர்தல்களும் நம் நாட்டில் நடந்துள்ளன. அவற்றுள் பஞ்சாபின் கதை விரிவாகச் சொல்லத் தக்கது.

1987 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த பஞ்சாபில், 1992 பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. தீவிரவாதம் கொடிதாய் இருந்த காலம் அது. வாக்களிக்கச் செல்வோர் உயிருக்கு அச்சுறுத்தல் இருந்தது. அகாலி தளத்தின் முக்கியப் பிரிவுகள் தேர்தலைப் புறக்கணித்தன. நகரங்களிலாவது ஓரளவு மக்கள் வந்தனர். சிற்றூர்களில் பல சாவடிகள் வெறிச்சோடின. மாநிலம் முழுவதிலும் பதிவான வாக்கு 24 விழுக்காடுகூட இல்லை. நால்வரில் மூவர் வரவில்லை. வராதோரில் பெரும்பாலார் அகாலிகளுக்கு வலுவூட்டி வந்த நாட்டுப்புறத்தார். விளைவு என்ன? பதிவான வாக்கில் ஏறத்தாழ 44 விழுக்காடு பெற்ற காங்கிரஸ், மொத்தம் 117 இடங்களில் 87-ஐக் கைப்பற்றியது. பியந்த் சிங் முதலமைச்சரானார். 24-ல் 44 விழுக்காடு என்றால், பட்டியலில் உள்ள வாக்காளருள் பத்தில் ஒருவர் என்று பொருள். பத்தில் ஒருவர் அளித்த வாக்கு, சட்டமன்றத்தில் நான்கில் மூன்று பங்காக விளைந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1997-ல் அமைதி திரும்பிய பஞ்சாபில் மீண்டும் தேர்தல் வந்தது. இம்முறை அகாலிகளும் களத்தில் நின்றனர். பதிவு 69 விழுக்காட்டை நெருங்கியது. காங்கிரஸ் பெற்ற இடங்கள் 14. அகாலி தளம் 75, அதன் தோழமைக் கட்சியான பாரதீய ஜனதா 18. காங்கிரஸ் தன் ஆதரவாளரை இழந்துவிட்டது என்றுதான் எவரும் கருதுவர். கணக்கைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1992-ல் அக்கட்சி பெற்ற வாக்குகள் ஏறக்குறைய 13 இலட்சம். 1997-ல் பெற்றவை ஏறக்குறைய 27 இலட்சம். வாக்குகள் இரு மடங்காயின. இடங்கள் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கின. முன்பு வீட்டில் இருந்த மற்றவர்கள் இப்போது வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அஸ்ஸாமிலும் இதை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் அயல்நாட்டார் பெயர் இருக்கலாகாது என்று எழுந்த கிளர்ச்சிக்கிடையே, புறக்கணிப்புக்கும் வன்செயல்களுக்கும் நடுவில் 1983-ல் நடந்த தேர்தலில் பதிவு 33 விழுக்காடுதான். காங்கிரஸ் 91 இடங்களைப் பெற்றது. உடன்படிக்கை ஏற்பட்டபின் 1985-ல் நடந்த தேர்தலில் பதிவு 79 விழுக்காடு; புதிதாய்ப் பிறந்த அசாம் கண பரிஷத் ஆட்சியில் அமர்ந்தது.

இவ்விரண்டு வரலாறுகளையும் நோக்கும்போது, குறைந்த பதிவில் கிடைத்த வெற்றி வென்ற கட்சிக்கே ஒரு மயக்கத்தைத் தருகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. தன் செல்வாக்கு எவ்வளவு என்பதை அதனால் அறிந்துகொள்ள முடிவதில்லை. தோற்ற கட்சிக்கும் தன் பிழை எது என்று தெரிவதில்லை. விழுக்காட்டை மட்டும் பார்த்து மகிழாமல், பதிவான வாக்கின் மொத்தத் தொகையையும் எடுத்துப் பார்க்கும் வழக்கம் நம் கட்சிகளில் இன்னும் வேரூன்றவில்லை.

பதிவு குறையும்போது கட்டுப்பாடான அமைப்பு உள்ள கட்சிக்கு மதிப்பு உயர்கிறது. தம்மவர் யார், அவர் வந்தாரா இல்லையா என்று நண்பகலுக்குள் கண்டறிந்து, வராதவர் வீட்டு வாயிலில் போய் நிற்கும் தொண்டர் படை எவரிடம் உள்ளதோ அவர் பிழைத்துக்கொள்வார். பாரதீய ஜனதாக் கட்சி வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளரை அமர்த்தியிருப்பது இதற்காகவே. அவர்க்குப் ‘பன்னா பிரமுக்’ என்று பெயர். அதே ஏற்பாடு இருந்தும் உத்தரப் பிரதேசத்தில் 2024-ல் அது கைகொடுக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. கதவைத் தட்டலாம், மனமில்லாதவரை எழுப்பி அழைத்து வர எந்தப் பொறுப்பாளராலும் இயலாது.

இனி நாம் வாழும் நகரங்களைப் பார்ப்போம். மும்பையிலும் பெங்களூரிலும் பதிவு குறைவாய் இருப்பது ஏதோ ஓர் ஆண்டில் நேர்ந்த விபத்தன்று. அது பழக்கமாகவே ஆகிவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அந்தேரி, ஜோகேஸ்வரி, கோரேகான் ஆகியன அடங்கிய மும்பை வடமேற்குத் தொகுதியில், பதினேழு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளரில் 55 விழுக்காட்டினரே வாக்களித்தனர். ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் வரவில்லை. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்த வேறுபாடு 48 வாக்குகள்! சிவசேனையின் இரு பிரிவுகளும் எதிரெதிரே நின்ற களம் அது. பெங்களூரின் ஜயநகர்ச் சட்டமன்றத் தொகுதியில் 2023-ல் வேறுபாடு இன்னும் சிறியது, 16 வாக்குகளே. ஒரு மாடிக் குடியிருப்பில் ஒரே தளத்தில் வசிப்போர் நினைத்திருந்தால் மாற்றியிருக்கக்கூடிய முடிவு அது.

நகரத்தில் வாக்களிக்க வராதவர் எல்லாரும் சோம்பேறிகள் என்று பத்திரிகைகள் எழுதுவதை நாம் ஒப்புவதற்கில்லை. அந்த ஏழு இலட்சத்துள் இறந்தவர் பெயர்கள் உண்டு. வீடு மாறிச் சென்றோர் பெயர்கள் உண்டு. இரண்டிடத்தில் பதிந்தவர் பெயர்கள் உண்டு. விழுக்காடு என்பது வகுத்தல் கணக்கு. வந்தவர் தொகையைப் பட்டியலிலுள்ள பெயர்களின் தொகையால் வகுக்கிறோம். பட்டியல் வீங்கியிருந்தால் விழுக்காடு இளைத்துத் தோன்றும். நூறு பெயரில் அறுபது பேர் வாக்களித்தால் 60 விழுக்காடு. அந்த நூறில் பதினைந்து பெயர்களை நீக்கிவிட்டால், அதே அறுபது பேர் வந்தாலும் பதிவு 70 விழுக்காட்டைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, 2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றுள் பெரும்பகுதி குடிபெயர்ந்தோர், முகவரியில் காணப்படாதோர் என்று குறிக்கப்பட்டவை. பழைய பட்டியலில் இது ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து. ஆகவே, திருத்தத்துக்கு முன்னுள்ள விழுக்காட்டையும் பின்னுள்ள விழுக்காட்டையும் அருகருகே வைத்து, மக்களின் ஆர்வம் பெருகிற்று என்று கூறுவது பொருந்தாது.

குடிபெயர்ந்தோர் இல்லாமை கட்சிகளின் போக்கையே மாற்றிவிடும் என்பதற்குப் பீகாரைப் போல் வேறு சான்று இல்லை. அம்மாநிலத்து ஆடவர் பெருந்திரளாகத் தில்லிக்கும் சூரத்துக்கும் நம் சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். பெயர் ஊரில் இருக்கிறது. ஆள் ஊரில் இல்லை. 2010 சட்டமன்றத் தேர்தலில் அங்கே பெண்களின் பதிவு ஆண்களின் பதிவை விஞ்சியது. 2015-ல் பெண்கள் 60, ஆண்கள் 53. 2025-ல் பெண்கள் ஏறத்தாழ 72, ஆண்கள் 63. கட்சிகள் இதைக் கவனியாமல் இல்லை. பள்ளி மாணவியருக்கு மிதிவண்டி, ஊராட்சி இடங்களில் பெண்களுக்குச் சரிபாதி, 2016-ல் மதுவிலக்கு, 2025-ல் மகளிர் வங்கிக் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் என்று வாக்குறுதிகளும் திட்டங்களும் ஒரே திசையில் பெருகின. திட்டங்களைக் கண்டு பெண்கள் வந்தனரா, பெண்கள் வந்ததனால் திட்டங்கள் பிறந்தனவா என்று பிரித்துச் சொல்வது அரிது. இரண்டும் கலந்தே நிகழ்ந்தன. பெண்கள் முன்வந்தது மகிழத்தக்கதே. ஆனால் வெளியூரில் உழைக்கும் ஆடவனின் குறைகள், அதாவது இரயிலில் இடமின்மை, வேலையிடத்து விபத்து, கூலி பாக்கி போன்றவை, எந்தக் கட்சியின் மேடையிலும் அவ்வளவு உரத்த குரலில் ஒலிக்கவில்லை என்பதையும் நாம் காண்கிறோம். தேர்தல் நாளில் மட்டும் அவனைத் தேடுகிறார்கள். 2025-ல் சத் பண்டிகைக்கு ஊர் திரும்பியவர் மீண்டும் வண்டியேறுமுன் வாக்கெடுப்பை வைத்துவிடுமாறு கட்சிகள் தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டன. கேரளத்திலோ, வளைகுடா நாடுகளிலிருந்து வாக்காளரை விமானத்தில் அழைத்து வருவதும் நடக்கிறது.

பீகார்த் தொழிலாளியின் நிலையில்தான் நம்மவர் பலரும் இருக்கின்றனர். பெயர் திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ இருக்கும். ஆள் தாராவியிலோ அகமதாபாதிலோ இருப்பார். ஊர்த் தேர்தலுக்குச் செல்ல இரண்டு நாள் பயணம், இரண்டு நாள் கூலி இழப்பு. செல்லாவிட்டால் அங்கே அவர் வராதவர். இங்கே பட்டியலிலேயே இல்லாதவர். இங்குள்ள கட்சிக்காரர், வாக்கில்லாத தெருவுக்கு எதற்கு வருவார்? தண்ணீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் தமிழ்ப் பள்ளிக்கும் நாம் கொடுக்கும் மனுவை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பார்? மாறாக, தமிழர் தம் வாக்கை இருக்குமிடத்தில் பதிந்துகொண்ட தொகுதிகளைப் பாருங்கள். கோலார் தங்கவயலில், தமிழ்நாட்டுக் கட்சியான அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் வேட்பாளர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்று கர்நாடகச் சட்டமன்றத்தில் அமர்ந்திருக்கிறார். மும்பையின் சயான் கோலிவாடாவில், தமிழரான தமிழ்ச்செல்வன் பாரதீய ஜனதாவின் சார்பில் 2014 முதல் மூன்று முறை தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். கட்சி எதுவாயினும் ஆகுக. வாக்குள்ள இடத்தை நாடிக் கட்சிகள் வந்தன என்பதே இங்குக் கருதத்தக்கது.

இருந்த இடத்திலிருந்தே சொந்த ஊர்த் தொகுதிக்கு வாக்களிக்க வழியுண்டா என்று நேயர் பலர் கேட்கக்கூடும். படைவீரர், தேர்தல் பணியில் உள்ளோர் போன்ற சிலருக்கு அஞ்சல் வாக்கு உண்டு. பிழைக்கச் சென்றவருக்கு அது இல்லை. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் தொலைவிட வாக்குப்பதிவுக் கருவியொன்றின் மாதிரியை அறிவித்தது. ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகள் வரை வாக்கைப் பதியலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்து அதனைக் காட்டவும் முற்பட்டார்கள். குடிபெயர்ந்தோர் என்று யாரைக் கொள்வது, ஒரு மாநிலத்துத் தேர்தலுக்கு மற்றொரு மாநிலத்தில் நடக்கும் வாக்குப் பதிவைக் கட்சி முகவர் எவ்வாறு கண்காணிப்பது என்ற வினாக்களை எதிர்க்கட்சிகள் எழுப்பின. ஐயங்கள் புறக்கணிக்கத் தக்கவை அல்ல. எனினும் தீர்க்க முடியாதவையும் அல்ல என்பதே நம் கருத்து. அக்கருவி நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே நமக்கு இன்று உள்ளது பழைய வழியே. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் ஒரு தொகுதியில்தான் பதிவு செய்துகொள்ளலாம். அதுவும் அவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியில். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் குடியிருப்புக்குச் சான்றாகாது. சில நாள் வெளியூர் சென்றிருப்பதனால் குடியிருப்பு அற்றும் போகாது. இரண்டிடத்தில் பெயரை வைத்திருப்பது குற்றத்தில் கொண்டு விடும். வாடகை வீட்டில் இருப்பவரும் பதியலாம். ஏற்கெனவே ஊர்ப் பட்டியலில் பெயர் உள்ளவர் இடமாற்றத்துக்குக் கொடுக்க வேண்டியது எட்டாம் எண் படிவம். இதுவரை எங்கும் பதியாதவருக்கு ஆறாம் எண் படிவம். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் வேர் அறுந்துவிடுமோ என்று பெரியவர்கள் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தை நாம் எள்ளவில்லை. எங்கு வாக்களிப்பது என்பதை அவரவர் குடும்பமே முடிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் கருத்தில் வைக்க வேண்டும். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்த பின்னர், அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட பின் படிவம் தேடிப் புறப்படுவோருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சில நாட்களே.